செஞ்சிக் கோட்டை: குடும்பத்தோடு ஒருநாள் பயணம்

ஸ்பெயினின் மலைநகரமான ரோந்தாவைப் படங்களில் பார்த்து வியக்கிறோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1485 வரை முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த ஊர் அது. பறக்க முயன்ற அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் பிறந்ததும் அங்கேதான். அவ்வளவு தூரம் போக நம்மில் பலருக்கு வசதி இல்லை. ஆனால் மலைமேல் நின்று வரலாறு படிக்க, தாம்பரத்திலிருந்து சுமார் 125 கி.மீ. போனால் போதும். விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது செஞ்சி.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை இணைத்து ஓடும் மதிலின் நீளம் சுமார் 13 கி.மீ. நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், ஆர்க்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பலர் கைமாறிய கோட்டை இது. 1677-ல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராமை எதிர்த்து 1690-ல் முற்றுகையைத் தொடங்கிய முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கானால் 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. மராட்டிய ராணுவத் தலங்கள் 12-ஐ 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் மகாராஷ்டிராவுக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றுதான்.

தேசிங்கும் மகபத்கானும்

முகலாயரின் கீழ் செஞ்சியை நிர்வகித்த சொரூப்சிங் இறந்ததும் அவர் மகன் தேசிங்கு பொறுப்பேற்றார். பாக்கிக் கப்பத்தைக் கேட்டுப் படையோடு வந்தார் நவாப் சஆதத்துல்லா கான். 1714-ல் நடந்த போரில் தேசிங்கு கொல்லப்பட்டார். அவருக்காகப் போரிட்டு உயிர்விட்டவர் உற்ற நண்பர் மகபத்கான். தன் கல்யாணத்தையே விட்டுவிட்டு அவர் போருக்கு ஓடிவந்தார் என்கின்றன நாட்டுப்புறக் கதைப்பாடல்கள்.

இந்த இடத்தில் பிள்ளைகளிடம் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். இது மதச் சண்டை அல்ல. கப்பத்துக்காக நடந்த சண்டை. எதிர்த்து வந்த நவாபும் முஸ்லிம், ராஜாவுக்காக உயிர் கொடுத்த நண்பரும் முஸ்லிம். பழைய போர்களை எல்லாம் இரு சமூகங்களின் பகையாகக் காட்டும் பேச்சு பள்ளிக்கூடம் வரை வந்துவிட்ட காலத்தில், நம் பிள்ளைகள் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

பார்க்க வேண்டியவை

கீழ்க்கோட்டையில் கல்யாண மகால், தானியக் களஞ்சியங்கள், வெங்கடரமணர் கோயில், 1717-18-ல் கட்டப்பட்ட சஆதத்துல்லா கான் பள்ளிவாசல் ஆகியவை உள்ளன. ராஜகிரி உச்சிக்கு முன்னால் ஒரு ஆழமான பிளவு குறுக்கிடும். அதன்மேல் போட்ட சிறு பாலம் ஒன்றே வழி. பாலத்தை எடுத்துவிட்டால் உச்சியில் இருப்பவர்களை நெருங்க முடியாது. ரோந்தாவுக்கும் பள்ளத்தாக்குதான் அரண்.

போகும் வழி

ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் போய், அங்கிருந்து திருவண்ணாமலை சாலையில் திரும்ப வேண்டும். பேருந்தில் போவோர் கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் வண்டியில் ஏறிச் செஞ்சியில் இறங்கலாம்.

ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் மலை ஏறிவிடலாம். ராஜகிரி சுமார் 240 மீட்டர் உயரம், படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் கீழ்க்கோட்டையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உச்சியில் கடை கிடையாது. தலைக்கு ஒரு பாட்டில் தண்ணீராவது எடுத்துச் செல்லுங்கள். குரங்குகள் அதிகம் என்பதால் சாப்பாட்டைக் கையில் பிரிக்க வேண்டாம். பயணத் தொழுகையைச் சுருக்குவது, சேர்ப்பது பற்றி உங்கள் மஹல்லா இமாமிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவர்களில் பெயர் கிறுக்காமல், குப்பை போடாமல் திரும்புங்கள். நமக்குப் பின்னால் வருபவர்களும் பார்க்க வேண்டிய இடம் இது.