ராஜாஜி ஹால் பிறந்த கதை

ஓசூர் இன்று தமிழ்நாட்டில் இருப்பதற்கும், சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் ராஜாஜி ஹால் நிற்பதற்கும் மூலம் ஒரே போர்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கைப்படி கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மட்டும் திப்பு சுல்தானிடமே இருந்தது. 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து கிளம்பிய ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை வழியாக மைசூருக்குள் நுழைந்தது. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினக் கோட்டை விழுந்தது. திப்பு போரிட்டு மடிந்தார். அதன்பின் ஓசூர்ச் சீமையும் கம்பெனி ஆட்சிக்குள் வந்து சேலம் ஜில்லாவோடு சேர்ந்தது.

அப்போது சென்னையில் கவர்னர் எட்வர்ட் கிளைவ், பிளாசியில் வென்ற ராபர்ட் கிளைவின் மகன். கவர்னர் மாளிகை போதவில்லை என்று அதை விரிவாக்கியவர், அருகிலேயே தனியாக ஒரு விருந்து மண்டபமும் எழுப்பினார். வேலையை ஒப்படைத்தது ஜான் கோல்டிங்ஹாமிடம். அவர் கம்பெனியின் வானியலாளர். சென்னை வானாய்வகத்தில் நட்சத்திரங்களை அளந்துகொண்டிருந்தவர். 1802-இல் மண்டபம் திறக்கப்பட்டது. முக்கோண முகப்புகளில் ஒன்று பிளாசியையும் மற்றொன்று ஸ்ரீரங்கப்பட்டினத்தையும் கொண்டாடின. தகப்பன் வென்ற போர் ஒரு பக்கம், மகன் ஆட்சியில் வென்ற போர் மறுபக்கம்.

மண்டபத்தின் பாணி, ஜார்ஜ் என்ற பெயருள்ள நான்கு மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட காலத்தில் இங்கிலாந்தில் செழித்த கட்டடக் கலை. இடமும் வலமும் ஒத்த அளவு, வரிசை பிசகாத ஜன்னல்கள், கிரேக்க, ரோமானியக் கோயில்களைப் பார்த்து அமைத்த தூண்கள். அங்கே சாதாரண வீடுகளில் சிவந்த செங்கல்லை வெளியே தெரியும்படி விட்டார்கள். சென்னையிலோ அதே செங்கல்லை முழுக்க மூடினார்கள். தூண்கள்கூடச் செங்கல்தான். வட்டமாக அடுக்கி, மேலே சுண்ணாம்பு பூசி, பளிங்கென்று நம்பும்படி செய்தார்கள்.

அந்த நம்பவைக்கும் வித்தை நம் கொத்தனார்களுடையது. கடற்சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை நைய அரைத்தார்கள். வெல்லத் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் என்று சேர்த்துக் குழைத்தார்கள். படலம் படலமாகப் பூசி, கடைசிப் பூச்சு காயும் முன்பே வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். வெயிலில் அது ஜொலித்ததைப் பார்த்து மலைத்த வெள்ளைக்காரப் பயணிகள் ஏராளம். கோல்டிங்ஹாமின் பெயர் ஏட்டில் நின்றது. அந்தக் கைகளின் பெயர் ஒன்றுகூட நிற்கவில்லை. அந்த மண்டபத்தின் புகழில் பாதியாவது அவர்களுக்குச் சேர வேண்டும் என்பேன். பழுதுபார்ப்பவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்: இத்தகைய சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல்லை அரிக்கும். சுண்ணாம்பு பூசினால் சுவர் மூச்சுவிடும்.

சுதந்திரத்துக்குப் பின் மண்டபத்துக்கு ராஜாஜியின் பெயரை வைத்தார்கள். அவர் பிறந்தது 1878-இல், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், ஓடு வேய்ந்த எளிய வீட்டில். திப்பு விழுந்ததால் கைமாறிய மண் அது. அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் உடல்களுக்கு லட்சோபலட்சம் பேர் அஞ்சலி செலுத்தியது இந்த மண்டபத்தில்தான். வெற்றி விருந்துக்காகக் கட்டிய அகன்ற படிக்கட்டைத் தமிழ்நாடு இன்று அறிந்திருப்பது அப்படித்தான்.