மதுரைவீரனுக்கு எதற்குக் காசி ராஜா?

1956 தமிழ்ப் புத்தாண்டுக்கு வெளிவந்தது 'மதுரை வீரன்'. லேனா செட்டியார் தயாரிப்பு, டி. யோகானந்த் இயக்கம், கண்ணதாசன் வசனம். பல ஊர்களில் நூறு நாள் தாண்டி ஓடியது. தருமபுரி மாவட்டத்தில் எங்கள் காரிமங்கலம் பக்கத்து டென்ட் கொட்டகைகளில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். போட்ட அன்றைக்கெல்லாம் எங்கள் தெருவில் பொழுது சாயும் முன்பே சோறாக்கி முடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது எம்.ஜி.ஆர். படம். மதுரைவீரனைக் கும்பிடும் எங்களுக்குச் சாமி படம்.

நாங்கள் அருந்ததியர். வீட்டில் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். அப்பா செவ்வாய்ச் சந்தையில் செருப்புத் தைப்பார், கமலைச் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுப்பார். கொட்டகைக்குப் புதுப் படம் வந்தால், தட்டி கட்டிய மாட்டு வண்டிக்கு முன்னால் தப்படித்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். கூலியோடு ராத்திரி ஆட்டத்துக்கு ஓசி டிக்கெட்டும் உண்டு.

அந்த டிக்கெட்டை அவர் கூலியைவிடப் பெரிதாக நினைத்தார். பாரதக் கூத்து நடக்கும்போது எங்கள் ஆட்கள் தள்ளி நின்றுதான் பார்க்கவேண்டும்; நின்று பார்க்கும் இடம்கூட இன்னதென்று முன்பே தெரியும். கொட்டகையில் அப்படி இல்லை. காசுக்குத் தகுந்தபடி தரை, பெஞ்சு, நாற்காலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர் மட்டும் உண்டு. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, காசு என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் எழுதினார். அதை நான் ஆசிரியர் வேலைக்கு வந்த பிறகுதான் படித்தேன். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த அப்பாவுக்கு அது முன்பே தெரியும்.

ஆனால் திரைக்குள்ளே கதை வேறாக இருந்தது. படத்தில் வீரன் காசி ராஜாவின் பிள்ளை. பிறந்த நேரம் சரியில்லை என்று காட்டில் விடப்பட்டவன். எடுத்து வளர்ப்பவர்கள் செருப்புத் தைக்கும் தம்பதி, என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் நடித்தார்கள். இதைச் சினிமாக்காரர்கள் கற்பனை செய்யவில்லை. மாலை சுற்றிப் பிறந்த குழந்தை, காசி அரண்மனை, வளர்க்கும் சின்னான், செல்லி எல்லாம் பழைய கதைப்பாடலிலேயே உண்டு. அந்த ராஜப் பிறப்பு பின்னால் ஒட்டவைத்தது என்று நாட்டார் வழக்காற்றை ஆராய்ந்தவர்கள் சிலர் வாதிட்டிருக்கிறார்கள். அப்பா எந்த ஆராய்ச்சியும் படித்ததில்லை. "காசி ராஜா எங்கிருந்தும்மா வந்தான் இங்க? அவன் நம்ம வூட்டுப் புள்ள" என்பார். நானும் அதையே நம்புகிறேன்.

தமிழ் சினிமா இப்படிப் பிறப்பை மாற்றுவதைப் பல தடவை செய்திருக்கிறது. கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு ஆண் வேடம் கட்டிய 'பக்த நந்தனார்' 1935இல் வந்தது. ஜெமினியின் 'நந்தனார்' 1942இல், தண்டபாணி தேசிகர் நடிப்பில் வந்தது. தாழ்ந்த சாதியில் பிறந்த நந்தன் தில்லைக் கோயிலுக்குள் போவதற்கு நெருப்பில் இறங்கியாக வேண்டும். ஆரியமாலாவை விரும்பிக் கழுமரம் ஏறிய காத்தவராயனுக்கு 1958 படத்திலும் தெய்வப் பிறப்பு. தாழ்ந்த வீட்டில் பிறந்தவனைக் கும்பிடுவதற்கு முன்னால் அவன் பிறப்பை மாற்றியாக வேண்டியிருந்தது.

இதை வெறும் சினிமா வசதி என்று என்னால் விட முடியவில்லை. வீரன் பாளையக்காரர் மகள் பொம்மியைக் கூட்டிக்கொண்டு போகும்போது கொட்டகை முழுக்க விசில் பறக்கும். நாற்காலியில் இருந்தவர்களும் அடிப்பார்கள். அவன் ராஜா பிள்ளை என்று அவர்களுக்குத்தான் தெரியுமே! கடைசியில் திருமலை நாயக்கர் ஆணைப்படி மாறுகால் மாறுகை வாங்கும்போது எல்லோரும் அழுவார்கள். எங்கள் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

2012 நவம்பர் 7 அன்று, இதே தருமபுரி மாவட்டத்தில், ஒரு தலித் இளைஞனும் வன்னியர் பெண்ணும் செய்துகொண்ட கல்யாணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். அந்தப் பையனுக்குப் பின்னால் காசி அரண்மனை எதுவும் இல்லை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், அருந்ததியரான ப. தனபால் சட்டமன்றத்துக்குச் சபாநாயகர் ஆகியிருந்தார். 2023இல் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' வந்தபோது வடிவேலுவைப் பார்த்தவர்களில் பலருக்குத் தனபால் ஞாபகம்தான் வந்தது. கட்சிப் பெரியவர் முன்னால் உட்காராமல் நின்றுகொண்டே இருக்கும் எம்.எல்.ஏ., மகன் சொல்லி உட்காரும் அந்த நேரம் என்னை உலுக்கியது. படம் முடிகிறவரை அவரை யாரும் வேறு வீட்டுப் பிள்ளையாக மாற்றவில்லை.

அதைவிட என்னை ஆட்டியது அதே இயக்குநரின் 2018 படமான 'பரியேறும் பெருமாள்'. பெண் வேடம் கட்டி ஆடும் அப்பாவைச் சட்டக் கல்லூரிக்கு அழைத்துவரக் கூச்சப்படுகிறான் மகன். அந்த அப்பாவாக நடித்த நெல்லை தங்கராசு நிஜத்திலும் கூத்துக் கலைஞராக இருந்தவர். வண்டிக்கு முன்னால் தப்படித்துப் போகிறவரின் பிள்ளையாக வளர்ந்த எனக்கு அந்தக் கூச்சத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. கடைசியில் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டீ டம்ளர்கள். இரட்டைக் குவளை பார்த்த ஊர்க்காரர்களுக்கு அந்த மேசை என்ன சொல்கிறது என்று தெரியும்.

2024 பிப்ரவரியில், எங்களுக்குப் பக்கத்துக் கம்பைநல்லூர் வட்டாரத்தில், காட்டு வேலைக்குப் போன தலித் பெண்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் டீ கொடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, கொடுத்த இரண்டு பெண்கள் கைதானார்கள். சிரட்டையை வாங்கிக் குடித்த அந்தப் பெண்கள் யாரோ ஒருவருடைய படத்தில் ஓரமாக வந்துபோனால் எனக்குப் போதாது. அவர்களை நடுவில் வைத்து, அவர்கள் வீட்டுப் பெயரோடு, ஒரு படம் வரவேண்டும்.