பஞ்சத்துக்குப் பிறந்த ரயில்!

சென்னையிலிருந்து பெங்களூருக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு நாட்றம்பள்ளி தெரியும். வாணியம்பாடி தாண்டினால் வரும். அங்கே இறங்கி, ''கிருஷ்ணகிரிக்கு ரயில் எப்போங்க?'' என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்! ஆனால், நூறு வருஷத்துக்கு முன்னால் அது நியாயமான கேள்வி. சற்றுத் தெற்கே, திருப்பத்தூரில் போய் நின்றால் ரயில் கிடைத்திருக்கும்.

1876 - 78... தென்னிந்தியாவையே சூறையாடிய தாது வருஷப் பஞ்சம். திருப்பத்தூர், கிருஷ்ணகிரி இரண்டுமே அப்போது சேலம் ஜில்லா. 1871-ல் அந்த ஜில்லாவின் ஜனத்தொகை 19 லட்சத்துக்கு மேல். 1881-ல் எண்ணியபோது 16 லட்சம்கூட இல்லை!

இத்தனைக்கும் ஜோலார்பேட்டைக்கு 1860-களிலேயே ரயில் வந்துவிட்டது. தானியமும் வந்தது. ஸ்டேஷனில் மூட்டைகள் இறங்கின. அப்புறம்? உள்ளூருக்குக் கொண்டுபோக வண்டி மாடு வேண்டுமே! தீவனமில்லாமல் மாடுகள் முதலிலேயே செத்துப்போயின. தானியம் இருந்தும் ஜனங்கள் பட்டினி கிடந்த கொடுமை இப்படித்தான் நடந்தது.

அந்தச் சூடு சர்க்காருக்கு உறைத்தது (கொஞ்சம் லேட்டாகத்தான்!). பஞ்சத் தடுப்புக்கென்று போட்ட பாதைகளில் ஒன்றுதான் 1905-ல் திறந்த திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி லைன். சுமார் 25 மைல். தண்டவாளங்களுக்கு நடுவே வெறும் இரண்டரை அடி! அடுத்த வருஷமே மொரப்பூர் - தர்மபுரி லைன்; பிறகு அது ஓசூர் வரை நீண்டது.

கவனியுங்கள்... இவை லாபத்துக்காகப் போட்ட பாதைகள் அல்ல. பெரிய பஞ்சம் வராத வருஷங்களில் அந்த நினைப்பு யாருக்கு இருக்கும்? ரோட்டில் பஸ்ஸும் லாரியும் பெருகின. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இரண்டு லைனுமே இல்லை.

1960-களில் சேலம் - பெங்களூர் பாதை வந்தது. தர்மபுரிக்கும் ஓசூருக்கும் மறுபடி அதிர்ஷ்டம். கிருஷ்ணகிரியை மட்டும் ஒதுக்கிவிட்டு ராயக்கோட்டை பக்கமாகப் போய்விட்டது ரயில்! 2004-ல் மாவட்டத் தலைநகரம் ஆன பிறகும் கிருஷ்ணகிரிக்கு ஸ்டேஷன் கிடையாது.

மொரப்பூர் - தர்மபுரி இணைப்புக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கு, சுமார் 100 கிலோமீட்டர் புதுப்பாதை போடவேண்டும் என்பது பல வருஷக் கோரிக்கை. சர்வேக்கு மேல் சர்வே. ஒவ்வொரு முறையும் ரயில்வே பார்ப்பது, போட்ட பணத்துக்கு எத்தனை சதவிகிதம் திரும்பும் என்று.

1905-ல் இந்தக் கணக்கைப் பார்த்திருந்தால், ஒரு கட்டை தண்டவாளம்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்!