ரயில் எழுப்பிய மாளிகை

இரண்டு மூன்று நாள் ஒரு நகரத்தில் இருவராகத் தங்கப் போகிறவர்கள் பழம்பெரும் ஹோட்டலைத் தேடும்போது, யார் அங்கே தங்கினார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இஸ்தான்புல்லின் பேரா பேலஸ் ஹோட்டல் என்றதும் எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் பெயரும் அவர் தங்கியதாகச் சொல்லப்படும் 411ஆம் எண் அறையும் நினைவுக்கு வந்துவிடும். ஆனால் அவருடைய 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' நாவலில் துப்பறிவாளர் பொய்ரோ போய் இறங்குவது அதே பேரா பகுதியிலிருந்த டோகாட்லியன் ஹோட்டலில். பிரபலங்களின் நிழலை நம்பி அறை எடுப்பதைவிட, கட்டடம் எதற்காக எழுந்தது என்று விசாரிப்பதே நல்ல தேர்வுக்கு வழி என்பேன்.

பேரா பேலஸை எழுப்பியது ரயில். 1883 அக்டோபரில் பாரிஸிலிருந்து முதல் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் புறப்பட்டபோது, இஸ்தான்புல் வரை தொடர்ச்சியான தண்டவாளம் கிடையாது. பயணிகள் டான்யூப் நதியைப் படகில் கடந்து, வேறு ரயிலில் வர்னா துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலேற வேண்டியிருந்தது. 1889இல் நேர்வழி திறந்தது, மறு ஆண்டு சிர்கேஜி நிலையம் வந்தது. படுக்கை வண்டியில் ஏறத்தாழ மூன்று நாள் சொகுசாக வந்தவர்களுக்கு, இறங்கிய ஊரில் அதற்கு ஈடான தங்குமிடம் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1890களில் அலெக்சாந்தர் வல்லோரியின் வடிவமைப்பில், கோல்டன் ஹார்ன் கழிமுகத்தைப் பார்த்தபடி இந்த ஹோட்டல் எழுந்தது. படிக்கட்டுக்கு நடுவே ஏறும் மின்சார லிஃப்ட், குவிமாடங்கள் கவிந்த பெரிய கூடம் எல்லாம், நெடும்பயணம் முடித்து வந்தவர்களை வியக்கவைக்கச் செய்த ஏற்பாடுகள்.

காதலர்களுக்கு இந்த வரலாறெல்லாம் எதற்கு, நல்ல மெத்தையும் அமைதியான ஜன்னலும் போதாதா என்று கேட்கலாம். போதும்தான், ஆனால் அவை எந்தப் புது ஹோட்டலிலும் கிடைக்கும். தங்கும் கட்டடமே ஊரின் கதையைச் சொன்னால், கையிலிருக்கும் குறைந்த பொழுதில் ஊர் அதிகமாகப் பிடிபடும். 2006 முதல் 2010 வரை புதுப்பித்த பிறகு பழமை எங்கே மிச்சம் என்பது அடுத்த கேள்வி. கூடமும் லிஃப்டும் இருக்கின்றன. துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் தங்கிய 101ஆம் அறை 1981இலிருந்து அருங்காட்சியகமாக இருக்கிறது. 1941இல் பிரிட்டிஷ் தூதரின் பயணப் பெட்டிக்குள் வைத்த குண்டு வெடித்து உயிர்கள் பலியானதும் இங்கேதான். அந்தத் துயரத்தையும் சேர்த்தே இந்த இடத்தை அறிய வேண்டும்.

செல்வந்தர்களுக்கான மாளிகையை ஏன் கொண்டாட வேண்டும் என்ற மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அதற்கான பதிலும் இங்கேயே இருக்கிறது. சிர்கேஜியில் இறங்கியவர்களைச் சுமந்துவந்த பல்லக்கு ஒன்று இன்றும் ஹோட்டலில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, கலாட்டா பாலத்தைக் கடந்து சிர்கேஜி வரை இருவரும் நடந்து போய்த் திரும்பட்டும். ஹோட்டல் இருக்கும் மேட்டில் ஆளைச் சுமந்து ஏறியவர்களின் உழைப்பு கால்களுக்குப் புரியும்.