மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் படிக்கலாமா? காசு கட்டுமுன் ஒரு கணக்கு

உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நயினாதீவுப் பிள்ளை ஒருத்தி அண்மையில் என்னிடம் கேட்டாள்: "மாமா, மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் படிச்சால் வீட்டிலிருந்தே டொலரில உழைக்கலாமாம், உண்மையோ?" படிப்புக் கட்டணத்துக்குத் தாயின் சங்கிலியை அடகு வைக்கும் யோசனையில் இருந்தார்கள். யுத்தத்தால் இடம்பெயர்ந்து சென்னையில் இருந்த காலத்தில் இந்த வேலையைச் செய்தவன் நான். அவளுக்குச் சொன்னதை மற்றப் பெற்றோருக்கும் சொல்கிறேன்.

அமெரிக்க மருத்துவர் நோயாளியைப் பார்த்தபின் குறிப்புகளை ஒலிப்பதிவாகச் சொல்வார். அதைக் கேட்டுப் பிழையின்றித் தட்டச்சு செய்வதே வேலை. அங்கே இரவாக இருக்கும்போது இந்தியாவில் பகல் என்பதால், 1990களின் பிற்பகுதியில் இத்தொழில் சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் பரவியது.

சம்பளம் பெரும்பாலும் வரிக்கணக்கில்தான். இடைவெளிகளும் சேர்த்து 65 எழுத்துகள் ஒரு வரி. தொடக்கத்தில் ஒரு நிமிட ஒலிப்பதிவை முடிக்க எனக்கு ஆறு நிமிடம் பிடித்தது. பயிற்சிக் காலத்தில் சம்பளமே இல்லை. துல்லியம் 98 வீதத்துக்குக் குறையக்கூடாது. 'ஹைப்பர்டென்ஷன்' உயர் இரத்த அழுத்தம். 'ஹைப்போடென்ஷன்' தாழ் இரத்த அழுத்தம். காது தவறினால் நோய் தலைகீழாகிவிடும்.

இன்று நிலைமை இன்னும் மாறிவிட்டது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளில் பெயர்பெற்ற நியூவன்ஸ் நிறுவனத்தை மைக்ரோசொப்ட் 2022இல் வாங்கியது. மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டே செயற்கை நுண்ணறிவு குறிப்பெழுதும் காலம் இது. மனிதருக்கு மிஞ்சுவது திருத்தும் வேலை. அதற்கான வரி விலை தட்டச்சுக்குக் கிடைப்பதிலும் குறைவு. அமெரிக்காவில் இத்தொழிலின் நடுத்தர வருமானம் ஆண்டுக்குச் சுமார் 37,000 டொலர். அங்கேயே இவ்வேலைகள் குறையும் என்றுதான் அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகம் கணிக்கிறது.

தீவகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகியவை தேசிய மின்கட்டமைப்புடன் இணைக்கப்படாதவை. இந்திய நன்கொடையில் சூரிய, காற்று மின் திட்டத்துக்கு 2024இல்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. கோப்பை நேரத்துக்கு அனுப்பவேண்டிய வேலையில் மின்தடை என்ற காரணம் எடுபடாது.

ஆகவே காசு கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? பாடநெறிக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உண்டா? வேலை தருவது யார், வரிக்கு எவ்வளவு என்று எழுத்தில் தருவார்களா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

உயிரியல் படித்த பிள்ளைக்கு வேறு வழிகள் இருக்கின்றன. அரச தாதியர் பயிற்சி இருக்கிறது. வெட்டுப்புள்ளி கிடைத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கலாம். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் வைத்தியசாலைகள் உண்டு. அங்கே வேலை செய்ய எங்கள் தீவுப் பிள்ளைகளே வேண்டும்.

சங்கிலி இப்போதும் தாயின் கழுத்தில்தான் இருக்கிறது. பிள்ளை தாதியர் பயிற்சிக்கான வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்திருக்கிறாள்.