ஆறு குறியில் ஒரு கை

×32010. கிட்டார் பழகும் எவருக்கும் இது சி மேஜர். தடித்த கம்பியை மீட்டாதே; அடுத்ததில் மூன்றாவது ஃப்ரெட், அதற்கடுத்ததில் இரண்டாவது, ஒன்றைச் சும்மா விடு, ஒன்றில் முதல் ஃப்ரெட், கடைசியும் சும்மா. ஆறு கம்பிக்கு ஆறு குறி.

டி. கல்லுப்பட்டியில் நாலைந்து பசங்களுக்குக் கிட்டார் சொல்லித் தருகிறேன். அவர்களுக்காக இந்த ஆறு குறியைக் கட்டப் படமாக மாற்றும் சின்ன நிரல் ஒன்றை வைத்திருக்கிறேன். நெட்டுக்கோடு ஆறு, படுக்கைக்கோடு ஐந்து. விரல் புள்ளியின் இடம் ரெண்டு பெருக்கலில் வந்துவிடும்: கம்பி எண் பக்கவாட்டுத் தூரம், ஃப்ரெட் எண்ணில் அரை கழித்தால் கீழ்நோக்கிய தூரம். வெளியே வருவது எஸ்விஜி கோப்பு, அதாவது 2001இல் டபிள்யூ3சி தரமாக அறிவித்த வெக்டர் வடிவம். ‘இங்கிருந்து இங்கே கோடு, இங்கே வட்டம்’ என்கிற கட்டளைகள்தான் அதில் இருக்கும். எங்க ஊர்ல ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். போட்டோவைப் பெரிசாக்கினால் கட்டம் கட்டமாக உடையும், வெக்டர் உடையாது.

விரலை எழுதிவைக்கும் பழக்கம் பழசு. 1507இல் வெனிஸில் பெட்ரூச்சி லூட் வாத்தியத்துக்கு இப்படித்தான் அச்சிட்டார்: கம்பிக்கு ஒரு கோடு, கோட்டின் மேல் ஃப்ரெட் எண். 1920களில் அமெரிக்காவில் யூகுலேலே மோகம் பரவியபோது பாட்டுத் தாள்களின் மேல்வரிசையில் கட்டப் படங்கள் வந்தன. நொட்டேஷன் படிக்கத் தெரியாதவரும் வாசிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்க. இந்தப் படம் கையை எழுதுகிறது, ஓசையை எழுதவில்லை. ஆறு கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கிவிட்டால் படம் அதேதான், பாட்டின் சுருதி வேறு.

கையா, ஓசையா, எதை எழுதுவது? இந்தக் கேள்விக்கு நம்ம பக்கத்திலேயே ஒருவர் பெரிய பதில் எழுதியிருக்கிறார். கல்லுப்பட்டியிலிருந்து விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று தெற்கே போனால் எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் அங்கேதான் காலமானார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் வயலினை எடுத்துக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர். பாலுசுவாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர் 1839இல் பிறந்தார். முத்துசுவாமியை அவர் கேட்டதே இல்லை. வீட்டு வழியாக வந்ததுதான் அவரிடம் இருந்தது.

சென்னையில் சின்னசாமி முதலியார் 1893இல் நம் இசையை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சிடத் தொடங்கியிருந்தார். வீட்டுக்குள் இருப்பதை வெளியே கொண்டுவரச் சொல்லி சுப்பராம தீட்சிதரைத் தூண்டியவரும் அவரே. எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ தெலுங்கு எழுத்தில் வந்தது. ஐந்து கோட்டு முறையை தீட்சிதர் எடுக்கவில்லை. ஸரிகம எழுத்துகளையே வைத்து, ஸ்வரம் எப்படி அசைகிறது என்பதற்குக் குறிகள் சேர்த்தார்: கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஏற்ற ஜாருவுக்கு ஏறும் சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு இறங்கும் சாய்கோடு. ஓசையும் கையும் ஒரே வரியில் வந்துவிட்டன. இரண்டே வருஷத்தில், 1906இல், அவர் போய்விட்டார். அந்தப் புத்தகம் வராமல் இருந்திருந்தால் எத்தனை கீர்த்தனைகள் அந்த வீட்டோடு முடிந்திருக்கும்?

அவருடைய குறிகளில் ஒன்று ×. பெயர் ஒதுக்கல்: வீணையில் அதே மெட்டில் கம்பியை இழுத்து மேல் ஸ்வரத்தை வரவைப்பது. என் கட்டப் படத்திலும் × உண்டு, அங்கே அதற்குப் பொருள் ‘இந்தக் கம்பியைத் தொடாதே’. ஒரே குறி. ஒரு இடத்தில் இழுக்கச் சொல்கிறது, இன்னொரு இடத்தில் விலகச் சொல்கிறது. குறி தன் பொருளைத் தானே சுமந்து வராது. யாராவது பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். தீட்சிதர் குறிகளுக்கு விளக்கமும் கொடுத்திருந்தார். அதனால்தான் பின்னாளில் மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் மறுபடி கோத்துக் கொண்டுவர முடிந்தது.

நானும் அப்படியே செய்கிறேன். படம் தொலைந்தால் பரவாயில்லை, ஒரு நொடியில் திரும்ப வரைந்துகொள்ளலாம். பத்திரப்படுத்துவது எழுத்துக் கோப்பைத்தான். அதில் ஆறு குறிக்குக் கீழே ரெண்டு வரி சேர்த்திருக்கிறேன்: ஆறு கம்பிக்கும் எந்தச் சுருதி, × என்றால் என்ன.