தீபம் ஏறும் நொடியில் லைவ் வீடியோ உடைவது ஏன்? வெளிச்சத்துக்கும் பிட் ரேட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கார்த்திகை தீபத் திருநாள். மாலை 6 மணிக்குச் சற்று முன், திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் எழுந்தருளி சில நிமிடங்கள் மட்டும் காட்சி தருகிறார். சரியாக 6 மணிக்கு 2,668 அடி உயர மலை உச்சியில் மகா தீபம் ஏறுகிறது. ஆரணி பக்கம் திருமலையில் இருந்தாலும் சரி, துபாயில் இருந்தாலும் சரி, செல்போனில் லைவ் பார்ப்பவர்கள் காத்திருந்தது அந்த ஒரு நொடிக்குத்தான்.

சரியா அப்பத்தான் படம் கட்டம் கட்டமா உடையும். மலை எது, வானம் எதுன்னே தெரியாது. சில நொடிகளில் படம் தெளியும்போது தீபம் ஏறி முடிந்திருக்கும்.

"நெட் ஸ்லோ" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். பல நேரங்களில் அது உண்மைதான். ஆனால் நெட் நன்றாக இருக்கும்போதும் இப்படி நடப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது வெளிச்சம். காட்சியில் ஒளி திடீரென மாறும்போது, வீடியோவைச் சுருக்கி அனுப்பும் மென்பொருள் தடுமாறுகிறது.

இதில் என்ன இருக்கிறது?

லைவ் என்பது பலருக்கு வெறும் வசதி மட்டுமல்ல. 2020 நவம்பர் 29-ம் தேதி தீபத்தின்போது கொரோனா கட்டுப்பாடுகளால் வெளியூர் பக்தர்கள் வர அனுமதி இல்லை. 2024 டிசம்பர் 1-ம் தேதி மலையில் ஏற்பட்ட மண்சரிவில் 7 பேர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு டிசம்பர் 13-ம் தேதி தீபத்துக்கு மலையேற பக்தர்கள் அனுமதிக்கப்படவில்லை. இப்படிப்பட்ட ஆண்டுகளில், வெளியூர்க்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் திரைதான் தரிசனம். அந்தத் திரை சரியான நொடியில் உடைந்தால், அடுத்த தீபத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும்.

வீடியோ எப்படிச் சுருங்குகிறது?

ஒரு ஃபுல் எச்.டி. ஃபிரேமில் 1920 x 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட், நொடிக்கு 25 ஃபிரேம் என்று கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 1,244 மெகாபிட் வரும். அதை அப்படியே செல்போனுக்கு அனுப்ப முடியாது. லைவ் ஸ்ட்ரீம் ஒன்றுக்கு 5 மெகாபிட் ஒதுக்கினால், கிட்டத்தட்ட 250-ல் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். நொடிக்கு எத்தனை பிட் செலவாகிறது என்பதுதான் பிட் ரேட். சுருக்குகிற வேலையைச் செய்வது என்கோடர்.

என்கோடரின் அடிப்படைத் தந்திரம் எளிமையானது. ஏற்கெனவே அனுப்பியதைத் திரும்ப அனுப்பாதே.

ஆரணி பட்டுத் தறியை நினைத்துப் பாருங்கள். சேலையின் உடல் பகுதியில் ஒரே புட்டா திரும்பத் திரும்ப வரும். அதற்காக ஒவ்வொரு முறையும் புதிதாக டிசைன் வரைய மாட்டார்கள். ஜக்கார்டில் ஏற்கெனவே இருக்கும் அட்டைகளே மறுபடி சுற்றி வரும். முந்தி வரும்போதுதான் வேறு டிசைன், கூடுதல் வேலை.

என்கோடரும் அப்படித்தான். முதலில் ஒரு முழு ஃபிரேமை அனுப்பும். அதன் பிறகு வருவதெல்லாம் வித்தியாச ஃபிரேம்கள். 'இந்தக் கட்டம் போன ஃபிரேமில் இருந்ததுதான், நாலு புள்ளி வலதுபக்கம் நகர்ந்திருக்கு' என்று குறிப்பு மட்டும் போகும். அதனால்தான் ஆடாத காட்சிக்குப் பிட் குறைவு, கிரிக்கெட்டுக்குப் பிட் அதிகம்.

வெளிச்சம் மாறினால் என்ன ஆகும்?

காட்சியில் எதுவுமே நகரவில்லை, வெளிச்சம் மட்டும் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அது அதே கோபுரம், அதே மலை. என்கோடருக்கு அப்படி இல்லை. அதற்குத் தெரிவது எண்கள்தான். 100 என்று இருந்த புள்ளி 80 ஆகிவிட்டது. 50 என்று இருந்தது 40 ஆகிவிட்டது. 20 லட்சம் புள்ளிகளும் மாறிவிட்டன. போன ஃபிரேமில் எங்கே தேடினாலும் சரியான ஜோடி கிடைக்காது.

'எல்லாமே புதுசு' என்று நினைத்து என்கோடர் பிட்டை அள்ளிச் செலவழிக்கும். தறிக்கணக்கில் சொன்னால், டிசைன் அதேதான், சாயம் மட்டும் ஒரு படி மங்கியிருக்கிறது. அதற்காக ஜக்கார்டு அட்டை முழுவதையும் மாற்றி அடிப்பது மாதிரியான வீண் செலவு இது.

செலவைக் கட்டுப்படுத்துவது யார்?

என்கோடருக்குள் 'ரேட் கன்ட்ரோல்' என்று ஒரு பகுதி இருக்கிறது. வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி இதற்கு ஒரு பஃபர் உண்டு. பிட் அதில் சேரும். குழாய் வழியாக ஒரே வேகத்தில் வெளியேறும். ஒரு ஃபிரேமுக்கு அளவுக்கு மேல் பிட் வந்தால் தொட்டி வழியப் பார்க்கும். உடனே ரேட் கன்ட்ரோல் வரவைக் குறைக்கும்.

எப்படிக் குறைக்கும்? படத்தின் நுணுக்கத்தை வெட்டித்தான். பரவலாகப் பயன்படும் எச்.264 முறையில் இதற்கு 0 முதல் 51 வரை ஓர் அளவுகோல் இருக்கிறது. எண் கூடக்கூட படம் கரடுமுரடாகும். 6 படி கூட்டினால், மதிப்புகளைத் தோராயமாக்கும் இடைவெளி இரட்டிப்பாகும். அந்தக் கரடுமுரடுதான் நாம் பார்க்கும் கட்டங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இருண்ட காட்சிக்குச் செலவு மிகக் குறைவு. நொடிக்கணக்கில் இருட்டே வந்தால், 'வேலை சுலபம்' என்று ரேட் கன்ட்ரோல் தாராளமாகிவிடும். அந்த நேரத்தில் திடீரென வெளிச்சம் வந்தால், முதல் சில ஃபிரேம்களிலேயே பட்ஜெட் காலி. பிறகு வருவதெல்லாம் சிக்கனம்தான். வெளிச்சம் வந்த பிறகும் படம் கொஞ்ச நேரம் மோசமாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

தீபக் காட்சியில் மூன்று வகை மாற்றங்கள்

அந்தி சாய்ந்து வானம் இருட்டுவது பெரிய பிரச்சினை இல்லை. அது மெதுவாக நடப்பதால், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையே வித்தியாசம் மிகச் சிறியது. சிக்கல் தருபவை வேறு.

ஒன்று, கேமரா தானே செய்யும் மாற்றம். இருட்டில் உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கேமரா, ஆட்டோ எக்ஸ்போஷரில் இருந்தால், தீ கொழுந்துவிட்டதும் ஒட்டுமொத்தப் படத்தையும் இருட்டாக்கும். மலையும் வானமும் மாறவில்லை. ஆனால் படத்தில் எல்லாப் புள்ளிகளும் மாறிவிட்டன.

இரண்டு, ஃபேட். கோயில் காட்சியிலிருந்து மலைக் காட்சிக்கு மெதுவாக ஒன்றின் மேல் ஒன்று கரையும்படி மாற்றுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். என்கோடருக்கு அது தலைவலி.

மூன்று, ஃபிளாஷ். வாணவேடிக்கையும் கேமரா ஃபிளாஷும் ஓரிரு ஃபிரேமுக்குத் திரையை வெளுப்பாக்கிவிட்டுப் போய்விடும். 'காட்சியே மாறிடுச்சு' என்று என்கோடர் தவறாக நினைத்து, முழு ஃபிரேம் ஒன்றை அனுப்பும். அடுத்த நொடித்துளியில் பழைய காட்சி திரும்பியதும் மறுபடி ஒரு முழு ஃபிரேம். இரட்டைச் செலவு.

தீர்வு என்ன?

ஃபேடுக்குத் தீர்வு 2003-ல் வந்த எச்.264 தரத்திலேயே இருக்கிறது. 'எடையிட்ட கணிப்பு' என்று அதைச் சொல்லலாம். போன ஃபிரேமை 0.8-ஆல் பெருக்கிக்கொள், தேவைப்பட்டால் இவ்வளவு கூட்டிக்கொள் என்று ஒரே ஒரு குறிப்பை அனுப்புவதுதான் அது. 100 தானாக 80 ஆகும், 50 தானாக 40 ஆகும். 20 லட்சம் வித்தியாசங்களுக்குப் பதில் ஓரிரு எண்கள். 'டிசைன் அதேதான், சாயம் மட்டும் ஒரு படி குறைச்சுக்கோ' என்று தறிக்காரரிடம் சொல்வது போலத்தான்.

ஆனால் எச்.264-ன் எளிய வடிவமான 'பேஸ்லைன்' பிரிவில் இந்த வசதி கிடையாது. 'மெயின்', 'ஹை' பிரிவுகளில்தான் உண்டு. மேலும், படம் முழுவதும் ஒரே மாதிரி மாறினால்தான் இது நன்றாக உதவும். உச்சியில் தீ மட்டும் பிரகாசமாகி மற்ற இடம் அப்படியே இருந்தால், ஒரே பெருக்கல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

ஃபிளாஷுக்கு வேறு வழி. வெளுத்துப்போன ஃபிரேமை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய ஃபிரேமைப் பார்த்து அடுத்ததை எழுதுவது. பழைய ஃபிரேம்கள் பலவற்றை நினைவில் வைத்திருக்கும் என்கோடரால் இது முடியும்.

மூன்றாவது வழி, முன்கூட்டியே பார்ப்பது. அடுத்து வரும் ஃபிரேம்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து, வெளிச்சம் மாறப்போகிறதா என்று பார்த்துவிட்டு பிட்டைப் பங்கிடலாம். ஓ.டி.டி. படங்களை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துச் சுருக்க நேரம் இருக்கிறது. அதனால் அங்கே ஃபேட் காட்சிகள் சுத்தமாக வரும். லைவில் அந்த வாய்ப்பு இல்லை. நிறுத்திவைக்கும் ஒவ்வொரு நொடியும் தாமதம். பக்கத்து வீட்டு டிவியில் 'அரோகரா' கேட்ட பிறகுதான் நம் போனில் தீபம் ஏறும்.

எல்லாவற்றையும்விட மலிவான தீர்வு கேமராமேன் கையில் இருக்கிறது. தீபம் ஏறுவதற்கு முன்பே எக்ஸ்போஷரை மேனுவலில் பூட்டிவிட்டு, காட்சிகளை ஃபேட் இல்லாமல் நேரடியாக வெட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

டிவியில் பார்த்தால் பிரச்சினை இல்லையா?

சாட்டிலைட் வழியாக வரும் சேனல்கள் பல, ஒரே அலைவரிசைக் குழாயைப் பகிர்ந்துகொள்வது உண்டு. ஒரு சேனலுக்குக் கூடுதல் பிட் தேவைப்பட்டால், அந்த நேரத்தில் சும்மா இருக்கும் சேனலிடம் கடன் வாங்கும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கஷ்டம் வராது என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு ஓடுகிறது. ஒரே குழாயில் இருக்கும் சேனல்கள் எல்லாம் 6 மணிக்கு அதே தீபத்தைக் காட்டினால், கடன் கொடுக்க ஆள் இருக்காது.

பார்ப்பவர்கள் என்ன செய்யலாம்?

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். படம் நின்று வட்டம் சுற்றினால், பெரும்பாலும் நெட் பிரச்சினை. படம் ஓடிக்கொண்டே, வெளிச்சம் மாறும்போது மட்டும் கட்டமாக உடைந்து சில நொடிகளில் தெளிந்தால், அது கம்ப்ரஷன் பிரச்சினை. அதற்கு ரீசார்ஜ் செய்து பயனில்லை.

6 மணிக்கு 10 நிமிடம் முன்பே, ஆட்டோ குவாலிட்டியை எடுத்துவிட்டு 480பி அல்லது 720பி-யில் நிறுத்திவிடுங்கள். திடீரென பிட் ரேட் ஏறினாலும் நெட் தாங்கும். 20, 30 நொடி பின்னால் தள்ளிப் பார்த்தால் பஃபர் நிரம்பி இருக்கும். வட்டம் சுற்றுவது குறையும்.

நீங்களே வீடியோ எடுக்கிறீர்களா? திருமலையில் ஓவியங்கள் உள்ள குகை அறையிலிருந்து எடுத்துக்கொண்டே வெயிலுக்கு வந்தால், இதே வெளிச்சத் தாவலை உங்கள் போனிலும் பார்க்கலாம். பல போன்களில் திரையை அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷர் பூட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு ஷாட், வெளியே ஒரு ஷாட் என்று பிரித்து எடுப்பது இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ மறுபடி சுருக்கப்படும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே போய்ச் சேரும்.

தீபம் 11 நாட்கள் எரியும். ஆனால் அது ஏறும் நொடி ஒன்றுதான். அதைக் காப்பாற்றிக் கொடுக்க என்கோடருக்குக் கூடுதல் பிட் இருந்தால் மட்டும் போதாது. மாறியது மலையா, வெளிச்சமா என்று அதற்குப் புரிய வேண்டும்.